சாம்பிள் இருக்கோ, தம்பி?

யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் சாமான் வாங்கப் போன எவருக்கும் இந்தக் கேள்வி பழக்கமானது. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் முதலாளி நாம் சொல்வதை முழுவதும் கேட்பார். பிறகு கையை நீட்டி, "சாம்பிள் இருக்கோ, தம்பி?" என்பார். இருந்தால் வேலை சுலபம். பேப்பர்த் துண்டில் சுற்றி, ஒயில் கசிந்து, காற்சட்டைப் பையைக் கறுப்பாக்கிய அந்தத் தேய்ந்த சாமானை எடுத்து மேசையில் வைத்தால், இரண்டு விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, பின்னால் அடுக்கியிருக்கும் நூறு பெட்டிகளில் சரியான ஒன்றை இழுப்பார். அந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் சாமான் தொலைந்துபோயிருந்தால்? தொலைந்ததற்கு ஏது சாம்பிள்?

எனக்கு அப்படி ஒன்று நடந்தது. அப்பாவின் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிளின் காபரேற்றரை, அதாவது பெற்றோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் பகுதியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தேன். எயார் ஸ்க்ரூவைத் திருகி எடுக்கும்போது அதோடிருந்த ஸ்பிறிங் துள்ளிப் போய் மணலில் விழுந்தது. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிறிங்கில் பாதிகூட இராது. அப்பா உள்ளே போய், பழுதான ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்துவந்து, ஒரு பழைய சாரத் துண்டில் சுற்றி, மணலுக்கு மேலாக மெல்ல இழுத்தார். துணியில் சுற்றினால்தான் ஒட்டிய இரும்புத்தூளை உதறலாம் என்று சொல்லிக்கொண்டே இழுத்தார். கறள் பிடித்த ஆணி நாலைந்து வந்தது, சோடா மூடி ஒன்று வந்தது, ஊசி ஒன்று வந்தது. ஸ்பிறிங் மட்டும் வரவில்லை.

திங்கட்கிழமை மூன்று கடை ஏறினேன். பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து அளவு காட்டினேன். "எந்த ஸ்பிறிங் தம்பி? எத்தினை சுத்து?" என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. கடைசிக் கடையில், "தனி ஸ்பிறிங் வராது. முழுக் காபரேற்றர் இருக்கு, தரட்டோ?" என்றார்கள்.

அன்றிரவு கனடாவில் இருக்கும் மச்சானோடு கதைக்கும்போது இதைச் சொன்னேன். அவன் ஒரு படம் அனுப்பினான். "பாட்ஸ் புத்தகத்தின்ரை பக்கம் மச்சான். படத்திலை நம்பரைப் பார், கீழை அட்டவணையிலை அதே நம்பரைப் பார்" என்றான்.

இப்படிப்பட்ட படத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு காபரேற்றரை யாரோ மெதுவாக இழுத்துப் பிரிக்க, ஒவ்வொரு துண்டும் தான் வெளியே வந்த வழியிலேயே அந்தரத்தில் நின்றுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் அந்தப் படம். மேலே மூடி. அதற்குக் கீழே நீண்ட ஸ்பிறிங், திறொட்டில் உருளை, நீடில். நடுவில் உடம்பு. கீழே மிதவை, அதன் ஊசி, பெற்றோல் போகும் சிறு துளையுள்ள மெயின் ஜெற், ஸ்லோ ஜெற், கசியாமல் அடைக்கும் கஸ்கற், கிண்ணம். ஒன்றை ஒன்றோடு இணைக்க மெல்லிய கோடு. எது முதலில், எது அடுத்தது, எந்தப் பக்கம் பார்த்தபடி என்பதெல்லாம் அந்தக் கோட்டிலேயே இருக்கும். பூட்டி முடித்த பிறகு கையில் ஒரு வாஷர் மிஞ்சி, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தக் கோட்டின் அருமை தெரியும்.

என் ஸ்பிறிங் ஓரத்தில் தனியாக நின்றது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் கண்ணில் பட்டது. கிண்ணத்தின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவுக்குப் படத்தில் ஓ-றிங் என்ற றப்பர் வளையம் ஒன்று போட்டிருந்தது. எங்கள் காபரேற்றரில் அந்த இடம் வெறுமை. எங்கள் விறாந்தையில் வருடக்கணக்காக வீசிய பெற்றோல் மணத்துக்குக் காரணம் அதுதான். எத்தனை பேர் கழற்றிப் பூட்டிய காபரேற்றர் அது! இல்லாத ஒன்றை இல்லை என்று சொல்வதற்குப் படம் வேண்டியிருந்தது.

அதன் பிறகு அந்த எண்களை வாசிக்கப் பழகினேன். உண்மையில் எனக்கு முழுதாகப் பிடித்துப்போனது அந்த எண்கள்தான்.

ஹொண்டாவின் சாமான் எண் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும். முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். 13101 என்றால் பிஸ்டன். 13011 என்றால் பிஸ்டன் றிங் செற். 12191 சிலிண்டருக்கு அடியில் வரும் கஸ்கற், 12251 ஹெட் கஸ்கற். 16100 முழுக் காபரேற்றர். 17210 எயார் ஃபில்ரர். 22201 கிளச் பிளேற். எந்த ஹொண்டாவை எடுத்தாலும் இந்த ஐந்தும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். நடுவில் வரும் மூன்று, அந்தச் சாமான் எந்த மொடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். கடைசி மூன்று, எத்தனையாவது திருத்தம் என்பதைச் சொல்லும். யமஹாவில் ஒழுங்கு வேறு: மொடலுக்குரிய மூன்று முதலில் வரும், சாமானுக்குரிய ஐந்து நடுவில், திருத்தத்துக்குரிய இரண்டு அதன் பின்னால்.

நடுத் துண்டைப் பார்க்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு பிஸ்டன் இருந்தது. எம்.டி.க்கு முன் அவரிடம் இருந்த ஹொண்டா சி70க்கு வாங்கி, போடாமலே வைத்திருந்த புதுப் பிஸ்டன். சி70இன் சிலிண்டர் 47 மில்லிமீற்றர். எம்.டி.யின் 85 சிசி இஞ்சினுக்கும் அதே 47. ஆகவே அளவு சரி என்று நானும் அப்பாவும் நம்பினோம். ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் சி70இல் 41.4 மில்லிமீற்றர், எம்.டி.யில் 49.5. இரண்டும் வேறு இஞ்சின். 13101 ஒன்றாக இருந்தாலும் நடு மூன்று வேறு. கையில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும்.

எல்லா எண்ணும் அப்படி அடையாளம் மட்டும் சொல்பவை அல்ல. 9இல் தொடங்கும் பல எண்களில் அளவே இருக்கும். 95701-06020 என்றால் 6 மில்லிமீற்றர் தடிப்பு, 20 மில்லிமீற்றர் நீளப் போல்ட். ஒயில் வடிக்கும் போல்ட்டின் வாஷர் 94109-12000. அதில் வரும் 12, போல்ட்டின் 12 மில்லிமீற்றர். 99101இல் தொடங்கும் மெயின் ஜெற் எண்ணின் கடைசி நான்கில் ஜெற்றின் அளவு இருக்கும், 0750 என்றால் 75.

இதை வைத்துத்தான் பக்கத்து வீட்டு அண்ணையின் பழைய ஹொண்டா ஓடியது. அவருடைய பின்சில்லு ஆடியது. பெயரிங் போய்விட்டது. கடையில் அந்த மொடலின் பெயரைச் சொல்லிக் கேட்டால், "இல்லை, கொழும்பிலையிருந்து வரவேணும்" என்று பதில். அவருடைய மொடலுக்குரிய பக்கத்தைத் தேடி எடுத்தோம். 96140-63010-10 என்றிருந்தது. நடுவில் இருக்கும் 6301ஐப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 6301 ஹொண்டா வைத்த பெயர் அல்ல. உலகம் முழுக்கப் பெயரிங் செய்பவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் ஒரே அளவு அது: உள் வட்டம் 12, வெளி வட்டம் 37, தடிப்பு 12 மில்லிமீற்றர். சுன்னாகத்தில் தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடை ஒன்றுக்குப் போனோம். மோட்டார் சைக்கிள் என்று வாய் திறக்கவில்லை. "6301 இருக்கோ? ரெண்டு பக்கமும் றப்பர் மூடினது" என்றோம். இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதுவரை இல்லாமல் இருந்தது சாமான் அல்ல, கேட்பதற்கான சொல்.

சரி, படம் கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து நான் ஏமாந்ததையும் சொல்ல வேண்டும். எம்.டி.யின் முன்பிறேக் கேபிள் அறுந்தபோது, இணையத்தில் முதலில் அகப்பட்ட சி90இன் பக்கத்தைப் பார்த்து எண்ணை எடுத்து, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலம் அழைப்பித்தேன். இரண்டும் 90தானே, இரண்டும் ஹொண்டாவின் 'கப்' வகைக் குடும்பம்தானே என்ற நினைப்பு. கேபிள் வந்தது, பொருந்தவில்லை. எம்.டி. என்பது ஜப்பான் தபால்காரருக்காகவே செய்யப்பட்ட வண்டி. இங்கு சிவப்பு எம்.டி.கள் இத்தனை ஓடுவதற்குக் காரணமும் அதுதான், அது தபால் சிவப்பு. கடிதச் சுமையோடு நாள் முழுக்க நிறுத்தி நிறுத்தி ஓட வேண்டும் என்பதற்காகப் பல இடங்களில் மாற்றியிருக்கிறார்கள். சி90க்கு முன்சில்லைப் பிடிப்பது சிறு கைபோல மேலும் கீழும் ஆடும் பழைய அமைப்பு. எம்.டி.க்கு ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் இரண்டு குழாய்கள் உள்ள ரெலிஸ்கோப்பிக் போர்க். சில்லும் 14 அங்குலம், சி90க்கு 17. முன்பக்கமே வேறாக இருக்கும்போது கேபிள் மட்டும் எப்படி ஒன்றாகும்?

அதிலிருந்து நான் எந்தப் படத்தையும் முதலில் தலைப்பில்தான் பார்ப்பேன். என்ன மொடல், எந்த சேசி நம்பரிலிருந்து (வண்டியின் சட்டத்தில் அடித்திருக்கும் எண்) எந்த நம்பர் வரை. ஒரே மொடலுக்குள்ளேயே ஒரு குறிப்பிட்ட சேசி நம்பருக்குப் பிறகு சாமான் மாறியிருக்கும். அட்டவணையில் அதற்குத் தனிக் கட்டமே உண்டு. வண்டிப் புத்தகத்தில் இருக்கும் சேசி நம்பரை வரி கட்டும்போது மட்டும் பார்க்கிறோம். சாமான் தேடும்போதுதான் அது உண்மையில் தேவை.

இதையெல்லாம் ஒரு கட்டாகப் பிறின்ற் எடுத்து, கோண்டாவிலில் எங்கள் எம்.டி.யை இருபது வருடமாகப் பார்த்துவரும் மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் கையைச் சாக்கில் துடைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பிரட்டினார். கன நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எல்லாம் வடிவாத்தான் கீறியிருக்கிறாங்கள் தம்பி. ஆனா இந்தச் சாமான் கிடைக்காட்டி என்ன செய்யிறதெண்டு இதிலை இல்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவும் இல்லை. ஏனென்றால் அவர் தொழில் பழகிய காலம் அப்படி. 1990க்குப் பிறகு, யுத்த காலத்தில், வருடக்கணக்காக இங்கு பெற்றோல் வர விடவில்லை. சாமான் வருவது அதைவிட அருமை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த இஞ்சினில் பற்றாது. ஆகவே சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி, உதைத்து, இஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகையும் மணமும் எங்கள் வயதுக்காரர்களின் மூக்கில் இன்னும் இருக்கும். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணீராகும். றிங் தேயும், சிலிண்டர் தேயும். தேய்ந்ததை மாற்றப் புதிது கிடைக்காது. அந்தக் காலத்தில் ஒரு மெக்கானிக் என்பவர் எதற்கு எது பொருந்தும் என்பதைத் தலைக்குள் வைத்திருப்பவர். அவருக்குப் பாட்ஸ் புத்தகம் இல்லை, சாமானும் இல்லை. ஆனால் வண்டி ஓட வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழியில்லாத வீடுகள் இருந்தன.

பிறகும் அப்படியான காலங்கள் வந்தன. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடி, 2009இல் திரும்பத் திறந்தது. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள். அது வருடக்கணக்காக நீடித்தது. புது வண்டி வராதபோது பழையதைத்தான் ஓட்ட வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று வந்தபோது, ஒழுகாத காபரேற்றர் எவ்வளவு பெறுமதி என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணை கேட்ட கேள்வியோடு வீட்டுக்கு வந்து, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு கூகுள் ஷீற் தொடங்கினேன். முதல் கட்டத்தில் சாமான் எண். இரண்டாவதில் எங்கள் கராஜ்களில் அதைச் சொல்லும் பெயர். மூன்றாவதில் கலிப்பர் வைத்து அளந்த அளவு. நான்காவதில் எந்த மொடல், எந்த சேசி நம்பர். ஐந்தாவது கட்டம் அண்ணைக்காக: கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம், யார் செய்து பார்த்தது, எத்தனை காலம் நின்றது.

இரண்டாவது கட்டத்தை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது அதுதான் எனக்கு மிக முக்கியம். பாட்ஸ் புத்தகத்தின் ஆங்கிலத்தில் 22201 "டிஸ்க், கிளச் ஃபிரிக்ஷன்". கோண்டாவிலில் அது கிளச் பிளேற். ஃபெண்டர் எங்களுக்கு மட்காட். ஃபியூவல் ராங் எங்களுக்குப் பெற்றோல் ராங்கி. படித்த பையனுக்கு ஆங்கிலப் பெயர் தெரியும், சாமானைத் தெரியாது. கராஜில் பழகும் பையனுக்குச் சாமானை இருட்டிலும் தெரியும், ஆங்கிலப் பெயர் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே வரியில் சந்திக்க வைப்பது அந்த எண்.

படங்கள் வட்ஸ்அப்பில் நிறையவே ஓடுகின்றன. அதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பெரும்பாலானவை மேல் வரியை வெட்டி அனுப்பப்பட்டவை. அழகான கிளச் படம், எண்கள் தெளிவு, ஆனால் எந்த வண்டியின் கிளச் என்பது இல்லை. அதை நம்பி ஒருவர் காசு கட்டுவார், என் கேபிள் கதைதான். அனுப்புகிறவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். ஆனால் தலைப்பில்லாத பாட்ஸ் படம், ஊர் எழுதாத விலாசம். அதேபோல, எண்ணைத் தேடும்போது "புது எண்ணுக்கு மாறியது" என்று வந்தால் பயப்பட வேண்டாம். தயாரிப்பவர்கள் ஒரு சாமானைத் திருத்தினால் பழைய எண்ணை நிறுத்திப் புதியதைத் தருவார்கள். இரண்டையும் ஷீற்றில் எழுதி வைத்தால் அடுத்தவர் தேட வேண்டியதில்லை. யமஹா தன் பாட்ஸ் கற்றலொக்கை இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அங்கேயே தொடங்கலாம். எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். நாம் காசு கொடுத்து வாங்கிய வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஏன் ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும்?

இப்போது சனிக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகு அண்ணையின் கராஜில் இருக்கிறோம். அவர் சொல்வார், நான் எழுதுவேன். போன கிழமை ஹெட் கஸ்கற் பக்கம். "அந்த நேரம் செம்புக் கஸ்கற் இருந்தவை எறியேல்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணிக்குள்ளை போட்டா இளகும், திரும்பப் போடலாம்" என்றார். "இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணிக்குள்ளை போட்டா இறுகுமே, அண்ணை?" என்று கேட்டேன். "அது இரும்பு. செம்பு அதுக்கு எதிர்" என்று சொல்லி, மேசை லாச்சியிலிருந்து பழைய செம்பு வாஷர் ஒன்றை எடுத்து, காஸ் அடுப்பில் குறட்டால் பிடித்துச் சிவக்கவிட்டு, தகரக் குவளைத் தண்ணீரில் போட்டார். சுர் என்றது. ஆறிய பிறகு என் கையில் தந்தார். விரலால் அழுத்தவே வளைந்தது. அது ஐந்தாவது கட்டத்தில் போயிற்று. காகிதக் கஸ்கற்றை அட்டையில் வெட்டும் முறையும் போயிற்று: அட்டையை இஞ்சின் மூடியின் மேல் வைத்து, உருண்டை முனைச் சுத்தியலால் விளிம்பு வழியே மெல்லத் தட்டிக்கொண்டு போனால் விளிம்பே அட்டையை வெட்டித் தரும். நான் அளவெடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டியவற்றைவிட அவர் தட்டி எடுத்தது மயிரிழை பிசகாமல் இருந்தது.

எங்கள் முற்றத்து ஸ்பிறிங்கின் எண்ணும் அளவும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அப்பாவுக்கு மட்டும் இன்னும் சமாதானம் இல்லை. மழை பெய்து மணல் கழுவுப்பட்ட பிறகு காந்தத்தோடு இன்னொரு தரம் பார்த்தார்.

கிளச், காபரேற்றர், ஹெட், பின்சில்லு ஆகிய பக்கங்கள் எம்.டி.க்குத் தெளிவாகக் கிடைத்துவிட்டன. முன்போர்க் பக்கமும் முன்பிறேக் பக்கமும்தான் இன்னும் மங்கலான பிரதிகளாக இருக்கின்றன, எண்களில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் அனுப்புங்கள். மேல் வரியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.